லாரியில் போகும் பந்தயக் கார்

பெங்களூருவில் பந்தயக் கிறுக்கு பிடித்தவர்கள் முதலில் தேடுவது பழைய மாருதி எஸ்டீம். 1298 சிசி இன்ஜின், சாமான் தட்டுப்பாடும் இல்லை. ஜே.சி. ரோட்டில் ‘ஒரிஜினல் சார், நம்புங்க’ என்று கடைக்காரர் நீட்டும் கிளட்ச் பிளேட்டில் பழைய எண்ணெய்ப் பிசுக்குகூடத் துடைக்கப்பட்டிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் எடைக் குறைப்பு. பின்சீட்டு, ஏ.சி., தரைவிரிப்பு, கதவின் உள்பலகை எல்லாம் போகும். குறைத்த கையோடு ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டைப் பற்றவைத்துப் பாதி எடையைத் திரும்ப ஏற்றுவார்கள். (கூண்டு அவசியம்தான், கார் உருண்டால் உள்ளே இருப்பவர் மிஞ்ச வேண்டுமே.) இத்தனைக்கும் செலவான தொகையில் புதுக் காரே வாங்கியிருக்கலாம் என்பது மனைவியின் கணக்கு. அந்தக் கணக்கு கராஜுக்குள் நுழைய அனுமதி இல்லை.

இனி ஓட்ட வேண்டியதுதான். எங்கே? பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு காத்திருக்கிறது. இப்படிக் குடைந்த காரைச் சாலையில் உருட்டினாலே 52ஆம் பிரிவு. ஆகவே சுமார் 300 கி.மீ. தள்ளி இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே 3.7 கி.மீ. சுற்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம். அதிலும் அரை வினாடி குறைக்க இன்னொரு லட்சம். லாரியோ இன்னும் பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலையே தாண்டவில்லை.