கட்டியெல்லாம் புற்றா?

கேள்வி: கட்டி என்றாலே புற்றுநோய்தானா? (வாசகர், சோமனூர்)

பதில்: இல்லை. விசைத்தறித் துணி கரைக்குள் நிற்பதுபோல், சாதாரணக் கட்டி தன் எல்லைக்குள் மெதுவாக வளரும், பரவாது. கருப்பை நார்க்கட்டி இவ்வகை. புற்றுக்கட்டியோ அக்கம்பக்கத் திசுவுக்குள் ஊடுருவும். ரத்தம், நிணநீர் வழியே நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று போய்க் குடியேறும். தோல், உள்ளுறுப்புகளின் மேல்படலத்தில் தோன்றினால் கார்சினோமா; எலும்பு, தசை, கொழுப்பில் தோன்றினால் சார்கோமா. பெயரின் ஓசையை நம்பக்கூடாது: லிப்போமா வெறும் கொழுப்புக்கட்டி, லிம்ஃபோமா புற்று. மண்டையோட்டுக்குள் வளர்ந்தால் சாதாரணக் கட்டியும் மூளையை நெருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வலியில்லை என்பது நற்சான்று அல்ல; மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தொட்டுப் பார்ப்பதும் ஸ்கேனும் சந்தேகத்தையே சொல்லும். சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சிதான் உறுதி செய்யும். மார்பிலோ கழுத்திலோ புதிதாகக் கட்டி தென்பட்டால், கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் கோவை அரசு மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.