மலிவு விலையில் மெய்ப்பொருள்

மயிலாப்பூர் மாணவர் ஒருவர் எந்தத் தத்துவம் பேசுவார் என்பதை அவருடைய மூளை தீர்மானிப்பதில்லை. பழைய புத்தகத்தின் முதல் பக்க மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும் விலைதான் தீர்மானிக்கிறது. ஐம்பது ரூபாய்க்குள் யார் கிடைக்கிறாரோ அவர்தான் அந்த மாதத்து ஞானி.

நம் மாணவர் மந்தைவெளிக்காரர். 2019இல் பி.காம். இரண்டாம் ஆண்டு. அடக்கவிலைக் கணக்கியலில் ஒரு அரியர் இருந்தது. ஆத்ம விசாரத்தில் அரியர் கிடையாது என்பதால் அதில் தீவிரமாக இறங்கினார். லஸ் பக்கம் பழைய புத்தகம் என்றாலே ஆழ்வார் கடையின் பெயர் வரும். பல தலைமுறை மாணவர்கள் அந்த நடைபாதையில் குந்தியபடி படித்துத்தான் ஆளானார்கள். அந்த மரபில் வந்த வேறொரு நடைபாதைக் கடையில் மாணவருக்கு மார்க்கஸ் ஆரேலியஸ் மாட்டினார்.

அட்டை கிழிந்துபோன புத்தகம். முந்தைய வாசகர் யாரோ சிவப்பு மையில் வரிவரியாக அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ‘உண்மை’, ‘மிக உண்மை’ என்று சான்றளித்திருந்தார். கோடுகள் 23ஆம் பக்கத்தோடு நின்றன. அதற்குமேல் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த அன்று இருந்தது மாதிரியே இருந்தது. நின்ற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு மருந்துக்கடை ரசீது. வாங்கியது அஜீரண மாத்திரை. ரோமாபுரியை ஆண்ட பேரரசர், போர் முகாமில் உட்கார்ந்து தனக்குத்தானே கிரேக்க மொழியில் எழுதிக்கொண்ட அறிவுரைகள் அவை. வயிற்றுக் கோளாறுக்கு முன் அவையும் செல்லவில்லை.

ஆனாலும் மாணவர் பேரரசரைப் போலவே ஸ்டோயிக் ஆனார். நம் கட்டுப்பாட்டில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்பது அந்தக் கட்சியின் கொள்கை. இதைப் பழகிப் பார்க்க 29சி பேருந்து நிறுத்தத்தைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற அந்த வண்டி எப்போது வரும் என்பது எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. மாணவர் முகத்தில் சலனமே இல்லாமல் நின்றார். வந்த வண்டியும் சலனமே இல்லாமல் நிற்காமல் போனது. அப்போது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை எந்தத் தத்துவ நூலிலும் கிடையாது.

அடுத்து நீட்சே. விலை நாற்பது. அவருடைய ஜராதுஷ்டிரன் மலையில் தனிமையில் இருந்துவிட்டு இறங்கி வந்து ஊருக்கு உபதேசம் செய்கிறான். மந்தைவெளியில் மலைக்கு எங்கே போவது? மொட்டை மாடிக்குப் போனார். கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது: “டேய், மாடிக்குத்தானே போறே? அப்படியே வடாத்தைப் பாத்துக்கோ, காக்கா கொத்திடப் போகுது!” அதிமனிதனாகும் முயற்சி ஒரு முழங்குச்சியோடும் இரண்டு வேட்டி நிறைய ஜவ்வரிசி வடாத்தோடும் நடந்தது. காக்கைகள் நீட்சேயைப் படித்ததில்லை. தயங்காமல் வந்தன.

அந்தக் கோடையில்தான் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மந்தைவெளியில் லாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்த நேரம் பார்த்து மாணவர் கையில் காம்யுவின் ‘சிசிபஸ் புராணம்’ கிடைத்தது. 1942இல் வெளிவந்த நூல். மலையுச்சிக்குப் பாறையை உருட்டிக்கொண்டு போவது, அது கீழே உருள்வது, மறுபடி உருட்டுவது: கடவுள்கள் கொடுத்த தண்டனை இது. அதிலும் சிசிபஸ் மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று காம்யு வாதாடுகிறார். மாணவரின் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. சிசிபஸுக்கு ஒரே ஒரு பாறை. மாணவருக்கு ஒரு நடைக்கு இரண்டு குடம், அவற்றில் ஒன்று ஒழுகல். பாறை ஒழுகாது. தவிர, சிசிபஸ் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மாடிப்படியில் அவர் நின்று அபத்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாமி சொன்னார்: “கண்ணா, அப்புறம் யோசிச்சுக்கலாம், லாரிக்காரன் ஹோஸைச் சுருட்டறான் பாரு.”

அவர் படித்திருக்க வேண்டிய புத்தகம் பக்கத்திலேயே இருந்தது. தி.நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன் 1973இலேயே ‘தண்ணீர்’ எழுதிவிட்டார். ஜமுனா, தங்கை சாயா, டீச்சரம்மா, குடத்தோடு அலைகிற ஒரு தெரு. காம்யு பாறையைக் கிரேக்கப் புராணத்திலிருந்து இறக்குமதி செய்தார். அசோகமித்திரனுக்குக் கைப்பம்பு போதுமானதாக இருந்தது. வாழ்க்கையின் பொருள் என்ன என்று அந்த நாவலில் யாரும் உரக்கக் கேட்பதில்லை. குழாயில் காற்று வரும் சத்தத்தைக் கேட்கவே நேரம் சரியாக இருக்கிறது. தமிழில் இருத்தலியம் என்று ஒன்று உண்டென்றால் அதற்குப் பாடநூலாக வைக்கத்தக்கது இதுதான். ஆனால் ‘தண்ணீர்’ புதிய பதிப்பாகக் கடையில் முழு விலைக்கு விற்றது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்நியரான காம்யுதான் மலிவு.

விலை பார்த்துத் தத்துவம் பிடிக்கிற இந்தப் பழக்கத்தைக் கேவலமாக எண்ண வேண்டாம். அதற்கு மிக உயர்ந்த முன்னுதாரணம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது, சாலைப் பெயராகவே இருக்கிறது. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூரில் படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். கல்லூரி அப்போது எஸ்பிளனேடில் இருந்தது. தாம்பரம் போனது 1937இல். எந்தப் பாடம் எடுப்பது என்ற குழப்பம். கையில் காசு குறைவு. அந்தக் கல்லூரியிலேயே படித்து முடித்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். புத்தகம் கிடைத்தது, பாடமும் முடிவாகிவிட்டது. தத்துவம் தனக்கு வாய்த்தது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு தற்செயல் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இருபது வயதில் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி ஆய்வுரை எழுதினார். 1908இல் அது அச்சிலும் வந்தது. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கே இடமில்லை என்று மிஷனரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம், எழுதியதோ மிஷனரிக் கல்லூரியில் உட்கார்ந்து. பேராசிரியர் ஹாக் கோபித்துக்கொள்வாரோ என்று அவருக்கு உள்ளூர உதறல். ஹாக் பாராட்டி நற்சான்று எழுதிக் கொடுத்தார். மறுத்தெழுதிய மாணவனைப் பாராட்டுகிற பேராசிரியர் கிடைப்பது ஓசிப் புத்தகம் கிடைப்பதைவிட அரிது. அப்புறம் மாநிலக் கல்லூரி, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்ட், 1962இல் குடியரசுத் தலைவர். கடைசிக் காலத்தில் வந்து இருந்தது எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் ‘கிரிஜா’ என்ற வீட்டில். அந்த ரோடுதான் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. அண்ணன் மட்டும் அன்றைக்குக் கணிதம் படித்திருந்தால் செப்டம்பர் 5ஆம் தேதி பள்ளிக்கூடங்களில் யாருக்கு மிட்டாய் கொடுத்திருப்பார்களோ!

மாணவருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவர் கொடுத்தவை சி.ஏ. இண்டர் கைடுகள். ஆகவே அந்த வழி அடைபட்டது.

அடையாறுக்குப் போனால் கதை வேறு. பிரம்மஞான சபை 1882இல் அங்கே வந்து குடியேறியது. அதன் அலுவலகத்தில் வேலை பார்த்த நாராயணய்யாவின் மகன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை 1909இல் சபையின் கடற்கரையில் சபைத் தலைவர்களில் ஒருவரான லெட்பீட்டர் பார்த்தார். பையனைச் சுற்றி அபூர்வமான ஒளிவட்டம் தெரிந்தது, உலக குரு இவன்தான் என்று அறிவித்தார். அதே காலத்தில் மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் அதே பையன் பாடம் ஏறவில்லை என்று பிரம்படி வாங்கிக்கொண்டிருந்தான். துரையின் கண்ணுக்குத் தெரிந்த ஒளிவட்டம் கணக்கு வாத்தியாரின் கண்ணுக்குத் தெரியவில்லை. இருவரில் யார் கண்ணாடி மாற்றியிருக்க வேண்டும் என்பதில் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

கிருஷ்ணமூர்த்திக்காகவே 1911இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், கூடியிருந்த அன்பர்களின் முன்னிலையில் அவரே அதைக் கலைத்தார். குரு வேண்டாம், அமைப்பு வேண்டாம், பின்தொடர வேண்டாம் என்றார். இதைக் கேட்டுக்கொள்வதற்காகவே கிரீன்வேஸ் ரோட்டு வசந்த விஹாரில் குளிர்காலந்தோறும் கூட்டம் கூடியது. மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, யாரையும் பின்பற்றக் கூடாது என்பதை மிகுந்த பக்தியோடு பின்பற்றினார்கள். அவருடைய கடைசி உரையும் அங்கேதான், 1986 ஜனவரி 4ஆம் தேதி.

நம் மாணவர் வசந்த விஹார் நூலகத்தில் சில பிற்பகல்களைக் கழித்தார். நுழைவுக்குக் கட்டணமில்லை, மரநிழல் உண்டு, கரண்ட் போகாது. வீடு திரும்பி, இனிமேல் எவர் சொல்லையும் கேட்கப்போவதில்லை என்று அப்பாவிடம் பிரகடனம் செய்தார்.

“யார் அப்படிச் சொன்னா?”

“ஜே.கே.”

“சரி. அவர் சொல்றதைக் கேக்கறே. அடுத்தாப்பல அரியரைப் பத்தி நான் சொல்றதையும் கேளு.”

வீட்டில் தத்துவப் பஞ்சம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எப்போதும் இருக்கும். நாத்திக மேடைகளில் முழங்கிய கண்ணதாசன் பிற்காலத்தில் எழுதியது, தி.நகரில் அவர் வாழ்ந்த ஹென்ஸ்மன் ரோடு இன்று கண்ணதாசன் சாலை. தன் கட்சி மாறியதை ஒளிக்காமல் எழுதுகிற ஒருவரிடம் மாணவருக்கு ஒட்டுதல் ஏற்பட்டிருக்க வேண்டும். அவரும் மாதத்துக்கு ஒரு கட்சி மாறியவர்தானே. ஆனால் அம்மா படிக்கிற புத்தகத்தில் தத்துவம் இருக்க முடியாது என்பது பத்தொன்பது வயதின் அசைக்க முடியாத நம்பிக்கை.

கடைசியில் அவரை மடக்கியது தங்கை. இராணி மேரிக் கல்லூரியில் பி.ஏ. தமிழ், முதலாண்டு. அண்ணனின் அலமாரியை ஒரு நாள் நோட்டம் விட்டாள். “இத்தனை பேரைப் படிச்சியே, யாரையாவது வேண்டாம்னு தள்ளியிருக்கியா அண்ணா? மணிமேகலை பத்துப் பேரைத் தள்ளினாளே!”

அவள் சொன்னது மணிமேகலையின் இருபத்தேழாவது காதை. வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசையாக ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று மணிமேகலை விசாரிக்கிறாள். போகும் முன்பே அவளுக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: இளம்பெண் என்று தெரிந்தால் எவரும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள், வேற்றுருவில் போ. ஆகவே ஆண் துறவி வடிவில் போகிறாள். தத்துவ வகுப்புகளில் பெண்களுக்கு யார் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய புகார் மனு தமிழில் இருக்குமா தெரியவில்லை. எல்லாரையும் பொறுமையாகக் கேட்டவள் பூதவாதியிடம் வந்தபோது சிரித்துவிடுகிறாள். கண்ணால் காண்பது மட்டுமே மெய், அனுமானம் செல்லாது என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவ்வளவுதான், ஆள் காலி.

இந்தக் காப்பியத்தை 1898இல் உ.வே.சாமிநாதையர் அச்சிட்டார். அதற்குமுன் அதிலிருந்த பௌத்தச் செய்திகள் பிடிபடாமல் அவர் திண்டாடினார். கும்பகோணத்தில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்ல, ஐயர் கேட்டுத் தெளிந்தார். அந்தத் தெளிவில் பௌத்தம் பற்றித் தனியாகவும் எழுதிச் சேர்த்தார். ஐயருக்கும் தத்துவம் இரவலாகத்தான் வந்தது. ஆனால் அவர் 23ஆம் பக்கத்தில் நிறுத்தவில்லை.

மாணவர் இப்போது அரியரை முடித்துவிட்டார், ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நீட்சேயும் காம்யுவும் வாங்கிய விலையில் பாதிக்கு லஸ்ஸுக்கே திரும்பிப் போனார்கள். ஐயரின் பெயரால் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது; 29சி கடைசி நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மணிமேகலை மொத்தம் முப்பது காதைகள். நேரமில்லாதவர்கள் இருபத்தேழாவதை மட்டுமாவது படியுங்கள். இருபத்தொன்பதாவதில் பெரும்பகுதி தர்க்கம். மணிமேகலையின் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது; நீங்கள் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.