4,096 நிறமும் ஒரு எம்.எஸ். ப்ளூவும்

மின்னூல் படிக்கிற கருவிகளின் இ-இங்க் திரையில் இப்போது 4,096 நிறங்கள் வந்துவிட்டன என்று என் மனைவியிடம் சொன்னேன். "அதுல எம்.எஸ். ப்ளூ இருக்கா?" என்று கேட்டாள்.

காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய நீலம் அது. தி.நகர் கடையில் நாலு நீலத்தை எடுத்து விரித்துப்போட்டாலும், "இது இல்லைங்க" என்று ஒரே பார்வையில் நாலையும் தள்ளிவிடுகிற கண் அவளுக்கு. வெங்காயச் சருகுக்கும் இளம் ரோஸுக்கும் நடுவே இருக்கிற எல்லைத் தகராறை என்னால் இன்றுவரை தீர்க்க முடிந்ததில்லை. அவள் ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுவாள். கலர் இ-இங்க் கருவி வாங்கலாமா வேண்டாமா என்ற என் ஆராய்ச்சி, வீட்டில் இப்படியொரு நிபுணர் இருப்பதை மறந்துவிட்டு ஆரம்பித்தது.

என்னிடம் ஏற்கெனவே கறுப்பு வெள்ளைக் கருவி ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடுகிறது. சிக்கலே அதுதான். கெட்டுத் தொலைந்திருந்தால் புதிது வாங்க ஒரு நியாயம் கிடைத்திருக்கும். இந்தச் சாதனத்துக்கு சார்ஜ்கூட லேசில் தீராது. அதன் தொழில்நுட்பம் அப்படி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், இன்னொன்றுக்கு எதிர். மின்சாரம் தட்டினால் ஏதாவது ஒன்று மேலே வரும். வந்தபின் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் புரட்டும்போதுதான் பேட்டரிக்கு வேலை. என்னைப் போல் ஒரே பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு வேறு யோசனையில் இருப்பவர்களுக்கு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் முளைத்து 1997-இல் நிறுவனமான இ இங்க், 2009-இல் தைவான் கைக்குப் போனது. நடுவில் 2004-இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே, 2007-இல் கிண்டில். இத்தனையும் கறுப்பு வெள்ளையிலேயே நடந்து முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது அதற்குக் கலர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருந்த வீடுகளுக்கு இது சட்டென்று புரியும். திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் மாட்டுவார்கள்: மேலே நீலம், நடுவே ஆரஞ்சு, கீழே பச்சை. வானம் நீலமாக, புல் பச்சையாகத் தெரியும். செய்தி வாசிப்பவரின் நெற்றி நீலம், கன்னம் ஆரஞ்சு, கழுத்து பச்சை. இன்றைக்குக் கடைக்கு வரும் பெரும்பாலான கலர் இ-இங்க் கருவிகளில் இருக்கும் கலைடோ திரையும் அந்தப் பிளாஸ்டிக் தாளின் பட்டதாரிப் பேரன்தான். அடியில் அதே பழைய கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாக ஒரு வடிகட்டி.

விலை கொடுப்பதற்கு முன் வடிகட்டியின் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. வெளிச்சம் அதன் வழியே உள்ளே போய், துகள்மேல் பட்டு, திரும்பவும் அதன் வழியேதான் வெளியே வர வேண்டும். போகும்போது ஒரு சுங்கச்சாவடி, வரும்போது ஒரு சுங்கச்சாவடி. மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே வெள்ளைப் பக்கம் சற்றுச் சாம்பலாகத் தெரியும். கருவியின் சொந்த விளக்கைக் கூட்டி வைக்க வேண்டிவரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பெட்டியில் போட்டிருப்பது கறுப்பு எழுத்துக்கு மட்டும். கலருக்கு 150.

யூடியூபில் விமர்சகர்கள் காட்டும்போது கலர் பளிச்சென்றுதான் இருக்கிறது. "கலர் ஸ்க்ரீன் எப்படி இருக்கும்னு இன்னொரு கலர் ஸ்க்ரீன்ல பாத்தா எப்படிப்பா தெரியும்?" என்று மகன் கேட்டுவிட்டுப் போனான். பொறியியல் படிப்புக்குக் கட்டிய பணம் வீண்போகவில்லை. கடைக்குப் போய்ப் பார்க்கலாமென்றால் நான் விசாரித்த கடைகளில் இல்லை. கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். மனைவி கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, துணியைச் சோதிப்பதுபோல் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"சாயம் போயிருக்கே."

நான் விடவில்லை. சாயம் போவது ஒரு குறையே அல்ல என்று மெட்ராஸ் சரித்திரத்தையே எடுத்துப் போட்டேன். 1958-இல் நம் ஊர்க் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போய், துவைத்தவுடன் சாயம் இறங்கி, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்களோ 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று இன்றும் பெயர்.

"அதைக் கட்டிக்கிட்டவங்க அமெரிக்காக்காரங்க" என்றாள். நண்பர் கருவியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். நல்ல வெயிலில் இந்தத் திரை அழகாகத்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் காட்டியபோது நிறம் கொஞ்சம் எழுந்து நின்றது. சித்திரை மாதத்துச் சென்னையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மாடியில் உட்கார்ந்து படித்தால் புத்தகத்துக்கு நிறம் ஏறும், படிப்பவர்மேலும் ஏறும்.

வடிகட்டி இல்லாத இன்னொரு வகையும் உண்டு. கேலரி என்று பெயர். அதில் வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம், கருஞ்சிவப்பு என்று நாலு வகைத் துகள்களை மின்சாரமே அடுக்கிக் கலக்கிறது. நிறம் 50,000-க்கு மேல். ஆனால் நாலு பேரை வரிசையில் நிறுத்த நேரம் பிடிக்குமல்லவா? உயர்தரக் கலர் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை வினாடி வரை ஆகும் என்கிறார்கள். ஒன்றரை வினாடிதானே என்று நினைக்கக் கூடாது. அந்த இடைவெளியில் கை தானாகப் போனை எடுத்துவிடும். அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்த பக்கம்.

ஆண்ட்ராய்டு ஓடுகிற கலர் இ-இங்க் டேப்லெட்டுகளும் இருக்கின்றன. எந்தச் செயலியையும் போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. அபாயமும் அதுவே, வாட்ஸ்அப் வந்துவிடும். இந்தத் திரையில் முந்தைய படத்தின் நிழல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம் உண்டு. குடும்பக் குழுவில் வெள்ளிக்கிழமை அம்மன் வந்துபோன இடத்தில் சனிக்கிழமை ஆஞ்சநேயர் வந்தால், இருவரும் சேர்ந்து தரிசனம் தருவார்கள். ரோஜாப்பூ காலை வணக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனையும் தெரிந்தும் ஆசை அடங்கவில்லை. சரி, நான் படிப்பதில் எதற்குக் கலர் வேண்டும் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். நாவல்களுக்கு வேண்டாம். மதுரைத் திட்டம் 1998-இல் இருந்து தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் சங்க இலக்கியத்துக்கும் வேண்டாம். கபிலர் எத்தனை பூவைப் பாடியிருந்தாலும் எழுத்து கறுப்புதான். கல்கியின் தொடர்களுக்கு மணியம் வரைந்த படங்களுக்காகவே கலர் வாங்கலாம் என்று துள்ளினேன். என்னிடம் இருக்கும் பொன்னியின் செல்வன் மின்னூலைத் திறந்து பார்த்தால் அதில் படமே இல்லை. சிறுவயதில் என் தூக்கத்தைக் கெடுத்த இரும்புக்கை மாயாவியும் எனக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளையில்தான்.

மிச்சம் இருப்பது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கி வைத்திருக்கும் பழைய புத்தகங்கள். அட, இவற்றில் கலர் உண்டு! பழுத்த தாளின் மஞ்சள். நூலக முத்திரையின் ஊதா. யாரோ ஒரு பேராசிரியர் முக்கியம் என்று கருதி இழுத்த சிவப்புப் பென்சில் கோடு. பூச்சி அரித்த ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும் அடுத்த பக்கத்தின் பழுப்பு. ஆக, நான் தரப்போகும் கூடுதல் பணம் முழுவதும் இந்தப் பழுப்பை உள்ளபடியே பார்ப்பதற்கு. ஏற்கெனவே மங்கிப்போன எழுத்து. அதைச் சாம்பல் பூசிய திரையில் தேட வேண்டும். கறுப்பு வெள்ளைக் கருவியோ மாறுபாட்டைக் கூட்டினால் பழுப்பை வெளுத்து எழுத்தை மட்டும் நிறுத்திவிடுகிறது.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு என்றால் நான் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காகப் பள்ளிப் பாடப்புத்தகங்களை பி.டி.எஃப்.-ஆக வைத்துக்கொண்டு போனில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள். என் கருவியில் இதயப் படத்தைத் திறந்து கொடுத்தேன்: தமனி, சிரை இரண்டும் ஒரே சாம்பல். "அங்கிள், இதுல நல்ல ரத்தம் எது?" என்றாள். வரைபடத்தில் கரிசல் மண், செம்மண், வண்டல் மண் எல்லாம் ஒரே மண்ணாகிவிட்டது. அவளுக்குக் கலர் வேண்டும், அதுவும் பத்து அங்குலத் திரையில். ஏழு அங்குலத்தில் அந்தப் பெரிய பக்கத்தைச் சுருக்கினால் எறும்புதான் படிக்க முடியும். பத்து அங்குலத்தின் விலையைச் சொன்னேன். போனையே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

விலைக்கு வருகிறேன். கிண்டில் கலர்சாஃப்ட் 2024 அக்டோபரில் அமெரிக்காவில் வந்தபோது 279.99 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 24,000 ரூபாய். நந்தனம் புத்தகக் காட்சியில் 300 ரூபாய்ப் புத்தகம் பத்து சதவீதக் கழிவு போக 270 என்றால், 88 புத்தகம். இந்தக் கணக்கை வாய்விட்டுப் போட்டிருக்கக் கூடாது. போன ஜனவரியில் வாங்கியவை பிரிக்காத பையோடு பீரோவுக்குப் பின்னால் இருப்பதை மனைவி விரல் நீட்டிக் காட்டினாள்.

டல்லாஸில் இருக்கும் அவள் தம்பி ஆடிக்கு வருகிறான். போகும்போது ஊறுகாயும் அப்பளமும் இடம் பிடித்துக்கொள்ளும் அதே பெட்டியில், வரும்போது நமக்கும் ஓரம் உண்டு. "என்ன மாமா, முடிவு பண்ணீங்களா? வாங்கிட்டு வரட்டுமா?" என்று வீடியோ காலில் கேட்டான். ஒரு நிறுவனத்தின் கலர் கருவியை முதலில் வாங்கிய சிலருக்குத் திரையின் அடியில் மஞ்சள் பட்டை விழுந்ததாம் என்று என் தயக்கத்தைச் சொன்னேன்.

மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "மஞ்சள் பார்டரா? அதுவாவது நல்லாருந்திருக்கும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வருகிறவனிடம் ஒன்றும் சொல்லாமல் விடுவதும் மரியாதை இல்லையே. என் பழைய கருவியின் உறை கிழிந்து தொங்குகிறது. அந்த அளவில் நல்ல சிவப்பில் உறை ஒன்று கிடைத்தால் பார் என்றேன். வீட்டுக்கு ஏதோ ஒரு கலராவது வரட்டும்.

"சிவப்பு வேணாம்டா, ஒரே வாரத்துல அழுக்காக்கிடுவார்" என்றாள் அக்கா. "கறுப்பாவே வாங்கிட்டு வா."