டப்பாவுக்குள் கேமரா, கிணற்றுக்குள் டப்பா

எங்கள் ஊர் கெடாரில் கடல் கிடையாது. விழுப்புரம் போய், பஸ் மாறி, புதுச்சேரி போய் இறங்கினால்தான் கடல். ஆனாலும் கடலுக்கடியில் படம் பிடிப்பது என்று முடிவு செய்தேன். நீச்சல் எனக்கு வயல்கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு வந்தது. அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஸ்கூபா டைவிங்குக்கு உண்டு. முதல் கட்டச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் ஆழம்வரை இறங்கலாம்.

இறங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே இரு என்கிறார்கள். பிறந்ததிலிருந்து செய்துவருகிற வேலைதான். கேமராவோடு இறங்குவதுதான் வித்தை. அதைத் தடித்த பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் புகாத டப்பாவில் பூட்டி எடுத்துப்போக வேண்டும். ஹவுஸிங் என்று பெயர். பல சமயம் உள்ளே இருக்கிற கேமராவைவிட டப்பாவின் விலை அதிகம். வீட்டில் நான் கேமராவின் விலையை மட்டும் சொன்னேன்.

இந்த வேலைக்கு முன்னோடிகளில் ஒருவர் லூயி புத்தான் என்ற பிரெஞ்சு உயிரியல் அறிஞர். 1893-இல் பான்யூல் என்ற கடலோர ஊரில் தண்ணீருக்கடியில் படம் எடுத்தார். பெட்டியைச் செய்து கொடுத்தவர் கூடப்பிறந்த ஓகுஸ்த். வெளிச்சம் போதாததால் ஒரு படத்துக்கு அரைமணி நேரம்வரைகூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. அரைமணி நேரம் அசையாமல் நிற்க எந்த மீன் சம்மதிக்கும்? 1926-இல் அமெரிக்காவில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் கடலடியில் முதல் வண்ணப்படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக மிதவைமேல் மக்னீசியப் பொடியை வெடிக்கவிட்டதில் லாங்லிக்குத் தீக்காயம். தண்ணீரில் இறங்கப் போய் நெருப்பில் சுட்டுக்கொண்டவர் அவர். அவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் பாடு சாதாரணம். ஆனால் என் பாட்டைப் பார்க்கக் கூட்டம் அதிகம்.

டப்பாவின் உயிர் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தால் போதும், அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். இதை எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக்குக்கு விளக்கப் போனால், அவர் எனக்கு விளக்கினார். “கிரீஸ் அடைக்கறதுக்குன்னு நெனச்சியா? ரிங்கு முறுக்கிக்காம ஒக்காரத்தான். அள்ளி அப்புனா மண்ணு புடிச்சிக்கும்.” கையேட்டிலும் இதே சங்கதிதான், நாலு மொழியில். பெரியம்மா மட்டும் தேங்காய் எண்ணெயே போதும் என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

கேமராவை வைப்பதற்கு முன், வெறும் டப்பாவுக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்துத் தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டும். காகிதம் நனையாவிட்டால் டப்பா தேறிவிட்டது. பரீட்சைக்குப் பெரியப்பாவின் கிணற்றைத் தேர்ந்தெடுத்தேன். கயிறு கட்டி இறக்கினால் டப்பா மிதக்கிறது. உள்ளே வெறும் காற்று. ஆர்க்கிமிடீஸ் கெடாருக்கும் பொதுதானே.

“இன்னாடா இது, முழுகவே மாட்டேங்குது. இத வச்சிகினா நீ கடலு அடிக்குப் போற?” என்றார் பெரியப்பா.

கல் கட்டினோம். முழுகியது. நல்ல ஆழத்துக்கு விட்டு எடுத்தோம். காகிதம் காய்ந்தே இருந்தது. உண்மையில் டப்பா ஆழத்தில் ஒழுகுவதைவிட மேல்மட்டத்தில்தான் அதிகம் ஒழுகும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே மூடியை அமுக்கி ரிங்கை இறுக்கிவிடும். தலைக்குமேல் வேலை இருந்தால் ஒழுங்காக இருப்பார்களே சிலர், அந்த ரகம்.

அடுத்தது பனி. வெக்கையான ஈரக் காற்றோடு டப்பாவை மூடினால், கடலின் குளிர்ச்சியில் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்து, படம் முழுக்க மார்கழி மாதமாகிவிடும். ஏ.சி. அறையில் வைத்து மூட வேண்டும் என்பது ஆலோசனை. எனக்கு எட்டிய ஏ.சி. அறை ஒரு ஏ.டி.எம். உள்ளே நின்று டப்பாவைத் திறந்து, ரிங்கைத் துடைத்து, செருப்பு டப்பாக்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் செருகிக்கொண்டிருந்தேன். கேமராவோடு ஒருவன் பணம் எடுக்காமல் இவ்வளவு நேரம் நிற்பதை எந்தக் காவலாளியும் கலை ஆர்வமாக எடுத்துக்கொள்ள மாட்டார். வாசலில் நின்றபடியே, “முடிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ‘சார்’ போகப் போகத் தேய்ந்தது.

கடலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச்சேரிக் கடல் மழைக்குப் பிறகு கலங்கிக் கிடக்கும். தெளிந்த நாளாகப் பார்த்துப் போக வேண்டும். போனேன். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஆகவே டைவிங் போய் வந்தவர் மீனுக்குக் கை விரித்துக் காட்டும் நீளத்தில் கால் பங்கு தண்ணீர் சொன்ன பொய். மிச்சப் பொய்க்கு அவரே பொறுப்பு. நிறமும் அப்படித்தான். சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு காணாமல் போகிறது. குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு போனால் பதினைந்து மீட்டரில் கரும்பொட்டுதான். டார்ச்சையோ ஃபிளாஷையோ கொண்டுபோய்க் கிட்டத்தில் அடித்தால்தான் நிறம் திரும்பும். அதிலும் நேர் எதிரே அடித்தால் தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் மின்னி, மீன் பின்னணிக்குப் போய்விடும்.

படங்களை ஊரில் காட்டினேன். “எல்லாம் ஏன் ஒரே நீலமா இருக்குது, டி.வி. கெட்டுப்போச்சா?” என்றார் பெரியம்மா. மொபட்டில் மீன் கொண்டுவருகிற அம்மா மட்டும்தான் நின்று பார்த்தார். டைவிங் புத்தகத்தில் நான் ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்ததை, “இது கலவா, இது பாறை, அங்க மண்ணுல படுத்துக்கினுருக்குதே, அது திருக்கை” என்று ஹாரனில் இருந்து கையை எடுக்காமலே சொல்லிக்கொண்டு போனார். திருக்கை அந்தப் படத்தில் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பெரியப்பாவுக்கு மீனில் நாட்டமில்லை. டப்பாவின் மேல்தான் கண். “தம்பி, மோட்டாரு தண்ணி சரியா எடுக்க மாட்டேங்குது. ஃபுட்வால்வுல இன்னா சிக்கிக்கினுக்கிதுன்னு ஒன் டப்பாவ உட்டுப் பாரு.”

பங்குனி மாதம், தண்ணீர் தெளிந்திருந்தது. வீடியோவை ஓடவிட்டு, டார்ச்சையும் கல்லையும் சேர்த்துக் கட்டி, டப்பா சுற்றாமலிருக்க இரண்டு கயிற்றில் இறக்கினோம். ஏற்றியபின் கிணற்று மேட்டிலேயே போட்டுப் பார்த்தோம். ஃபுட்வால்வில் ஒரு கோணிப்பைத் துண்டு. அதற்குப் பக்கத்தில், சேற்றில் பாதி புதைந்து ஒரு எவர்சில்வர் குடம். கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது.

அத்தையின் பெயர். பெரியம்மா கடன் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்று அத்தையும், வாங்கவே இல்லை என்று பெரியம்மாவும் என் சின்ன வயதிலிருந்து பேசாமலிருக்கக் காரணமான குடம் அதுதான். பெரியப்பா பாதாளக் கரண்டி தேடப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டே போய்விட்டார். அத்தை வந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு, பெரியம்மாவின் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்:

“அந்தப் பேரு தெரியற எடத்த ஒரு போட்டோவா எடுத்துக் குடு. பெரிசா. லேமினேஷனும் போட்டுடு.”