காயம் போடாம சீவு தம்பி

வாடா தம்பி, உக்காரு. கோப்பி சொல்லவா? வேணாமா? காசு மிச்சம் பிடிக்கிறியா? சரிதான். அந்தக் காடிச் சாவியை மட்டும் மேசை மேல அப்படிக் கிலுக்கி வைக்காதே. ரெண்டு வெள்ளி கோப்பியை வேணாங்கிறவன் கையில மாசம் எழுநூறு வெள்ளிச் சாவி ஆடுது. பெத்தாய் விக்கிற ஆயா கூட உன்னைப் பாத்துச் சிரிக்குது.

என்னமோ கைப்பேசியைத் திறந்து வட்டம் காட்டுறே. சிவப்பு, பச்சை, மஞ்சள்னு தோசையைக் கூறு போட்ட மாதிரி. இதுதான் கடன் அடைக்கிற திட்டமா? ஈப்போ ஓட்டல்ல ஒருத்தன் கோட்டு மாட்டிக்கிட்டுப் பேசினானாம், நீ நூறு வெள்ளி கட்டி உள்ள போனியாம். முங்கிக்கிட்டு இருக்கிறவன் டிக்கெட் வாங்கி நீச்சல் பேச்சுக் கேட்ட கதைதான். சின்னக் கடனை முதல்ல அடைக்கிற பனிப்பந்து முறைன்னு சொன்னானா? தாப்பாவுல ஏதுடா பனி? கேமரன் மலை உச்சிக்கு ஏறினாலும் குளிருதான் கிடைக்கும், உருட்டுறதுக்குப் பனி கிடைக்காது. நம்ம ஊர்ல எதை உருட்டினாலும் சேறுதான் ஒட்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் பேச்சுலயும் அரைக்கால் உண்மை இருக்கு. சின்னக் கடன் ஒண்ணு ஒழிஞ்சா மனசுக்குத் தெம்புதான். ஆனா எலி எந்த மூட்டையை அதிகமாத் தின்னுதோ அதைத்தானே முதல்ல தூக்கி வைப்பே? உன் கிரெடிட் கார்டுல 8,000 வெள்ளி நிக்குது. வருஷத்துக்கு 18 விழுக்காடுன்னா மாசம் 120 வெள்ளி வட்டிக்கே போச்சு. குறைஞ்சது 5 விழுக்காடு கட்டச் சொல்றான், நீயும் 400 கட்டிட்டு நெஞ்சை நிமித்துறே. கழிஞ்சது 280 தான். அதையும் அடுத்த வாரமே பெட்ரோலுக்கும் புதுச் சப்பாத்துக்கும் அதே கார்டுல தேச்சுட்டே. ஓட்டைத் தோம்புல கித்தாப் பால் ஊத்தி ஸ்டோருக்குக் கொண்டு போனா கிராணி எதை எடை போடுவாரு?

கையில வர்ற சம்பளம் 2,600. கடனுக்கு 1,500. வாடகை 500. மிச்சம் 600 வெள்ளியில அரிசி, மருந்து, பிள்ளை பள்ளிக்கூடம், கோயில் வரி. முதல் மாசம் வீராப்பாக் கட்டினே. ரெண்டாவது மாசம் பல்லைக் கடிச்சே. மூணாவது மாசம் அந்தத் தவணையைக் கட்ட மச்சான்கிட்ட கைமாத்து வாங்கினே. கடன் வாங்கிக் கடன் கட்டுறதுக்கு வட்டமும் சதுரமும் எதுக்குடா?

நான் ரப்பர்த் தோட்டத்துல கித்தா மரம் சீவினவன். விடியறதுக்கு முன்ன நிரைக்குள்ள போயிடணும், குளிர்ச்சியிலதான் பால் நல்லா ஓடும். உளியை மெல்லிசா ஓட்டணும். பட்டையை மட்டும் எடுக்கணும், உள்ள கட்டை தெரியக்கூடாது. அன்னைக்கு மங்கு நிறையணும்னு ஆசைப்பட்டு ஆழமா இழுத்தா என்ன ஆகும்? அன்னைக்கு நிறையும். மரத்துல காயம் விழும். காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமா வரும், மறுபடி அந்த இடத்துல உளி ஓடாது. கங்காணி பாலைப் பாக்க வரமாட்டாரு, காயத்தைப் பாக்கத்தான் வருவாரு. அதனாலதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. மரம் மூச்சு விடணுமே. உன் திட்டத்தைப் போட்டவன் மங்கைப் பாத்தான், மரத்தைப் பாக்கல.

அப்போ என்ன செய்யுறதுங்கிறியா? எங்கப்பா சொல்லிக் கொடுக்கல, செஞ்சு காட்டுனாரு. தோட்டத்துல சம்பள நாள்னா கடைக்காரரு நோட்டோட நிப்பாரு, வட்டிக்காரங்க பையோட நிப்பாங்க. மழை மாசத்துல பாதி நாள் வெட்டு இருக்காது, சம்பளமும் அப்படித்தான். பல பேரு லயத்துக்குப் பின்னால கொல்லைப்பக்கமா நழுவுவாங்க. எங்கப்பா நேரா நோட்டுக்காரர்கிட்ட போவாரு. 'பதினோரு நாள் மழைங்க, இந்த மாசம் பாதிதான் முடியும்'. கடைக்காரரு முணுமுணுப்பாரு, திட்டுவாரு, பாதியை வரவு வெச்சுட்டு அரிசியும் அளப்பாரு. கொல்லைப்பக்கம் போனவனுக்கு மறுநாள் உப்புக் கூடக் கிடையாது.

கொடுத்தவனுக்கு என்ன வேணும்னு நினைக்கிறே? 1930 வாக்குல கித்தா விலை பாதாளத்துக்குப் போனப்போ, அடமானத்துக்கு வாங்கின காடெல்லாம் செட்டியார்மார் கையில காடாவே வந்து விழுந்துச்சு, காசா வரல. விலை போகாத காட்டை வெச்சு என்ன செய்வாங்க? பேங்குக்கும் உன் பழைய காடி வேணாம்டா, காசுதான் வேணும். அதனாலதான் பேசலாம்.

நீயா உக்காந்து வட்டம் போடாதே. 2006ல பேங்க் நெகாரா ஏகேபிகேன்னு ஒண்ணு தொறந்தாங்க. ஈப்போவுலயும் இருக்கு, காசு வாங்க மாட்டாங்க. பேங்குக் கடனையெல்லாம் ஒரே தவணையாக் கோத்து, வருஷத்தை நீட்டி, முடிஞ்சா வட்டியையும் குறைச்சு வாங்கித் தருவாங்க. 'அங்கயும்தான் போட்டேன், அதுவும் உடைஞ்சுபோச்சு'ங்கிறியா? உடைஞ்சப்போ போய்ச் சொன்னியா? சம்பளம் குறைஞ்சுது, அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னு சொன்னாக் கணக்கைத் திரும்பப் பாப்பாங்க. சொல்லாம தவணையைத் தொடர்ந்து கட்டாம விட்டா ஒப்பந்தம் போயிடும், அப்புறம் பேங்கு பழைய உளியை எடுத்துக்கும்.

இப்போ அந்தச் சாவிக்கு வருவோம். தெரியும்டா, அது போனா மாமியார் வீட்டுல மதிப்புப் போயிடும். விரலுக்குத் தக்க வீக்கம் வேணாமா? ரெண்டு மாசம் தொடர்ந்து தவறினாத்தான் இழுக்க வருவான், அதுவும் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு. முக்கால் பங்கு கட்டி முடிச்ச காடின்னா நீதிமன்ற உத்தரவும் வேணும். அந்த 21 நாளுக்குள்ள நீயே கொண்டு போய் விட்டா இழுத்த கூலி உன் தலையில விழாது. ஆனா சாவியைக் கொடுத்தாக் கடன் முடிஞ்சுதுன்னு ஆட்டம் போடாதே. ஏலத்துல குறைச்ச விலைக்குப் போனா, துண்டு விழுந்த காசு உன் பேர்லதான் நிக்கும். அதைவிட இப்பவே பேங்குல கேட்டுக்கிட்டு நல்ல விலைக்கு வித்துட்டு, ஒரு பழைய மோட்டார் வாங்கு. மழையில கொஞ்சம் நனைவே. நாங்க நனையாமலா வளந்தோம்?

சேமநிதியை உடைக்கலாமான்னு கேக்க வாயைத் தொறக்கிறே, மூடு. 2024 மே மாசத்துல மூணாவது கணக்குன்னு ஒண்ணு தொறந்ததும் பாதி ஊரு காசை எடுக்கக் கைப்பேசியைத் தடவிக்கிட்டுத் திரிஞ்சுது. உனக்குக் கடன் கொடுத்தவன் எவனும் அந்த நிதியில கை வைக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு. வேலி போட்ட கொட்டாயில இருக்கிற கோழியை நீயே புடிச்சு நரிகிட்டக் கொடுப்பியா?

கூட்டுச் சீட்டு எடுக்கலாம்னு அத்தைக்காரி சொன்னாளா? அதைத் தொழிலா நடத்துறது 1971ல இருந்து சட்டப்படி தடை. சட்டத்துக்குப் பேரே கூட்டு நிதித் தடைச் சட்டம்தான். இங்கிலீஷ்ல எழுதுனவனும் நம்ம 'கூட்டு'ங்கிற வார்த்தையை அப்படியே தூக்கி வெச்சுக்கிட்டான். தமிழுக்கு வேற எங்க கிடைச்சுது அந்த மரியாதை! அப்புறம் கம்பத்துல ஒட்டியிருக்கிற நம்பரு. உரிமம் வெச்சவனே அடமானமில்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல வாங்கக் கூடாது. உரிமமே இல்லாத ஆலோங் அதை ஒரு மாசத்துலயே கறந்துடுவான், மிச்சத்துக்கு உங்க வீட்டு வாசல்ல சிவப்புச் சாயம் ஊத்துவான். அந்தப் பக்கம் திரும்பியும் பாக்காதே.

எதுவுமே தேறலைன்னா? திவால்னு சொன்னதும் ஏன்டா சாமி வந்த மாதிரி நடுங்குறே? இப்போல்லாம் ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைஞ்ச கடனுக்கு உன்னைத் திவாலாக்க மனுப் போட முடியாது. முன்னே முப்பதாயிரமே போதும், 2017ல அம்பதாயிரம் ஆச்சு, கோவிட் காலத்துல லட்சமாச்சு. அதுக்கு முன்படி ஒண்ணும் இருக்கு. அதுவும் 2017ல வந்ததுதான். கணக்கரையோ வக்கீலையோ நடுவுல வெச்சு, இவ்வளவுதான் முடியும்னு கடன்காரங்க முன்னால நீயே ஒரு ஏற்பாட்டை வைக்கலாம். நீதிமன்றம் 90 நாள் அவங்க கையைக் கட்டி வைக்கும். தொகைக் கணக்குல முக்கால் பங்குக்காரங்க தலையாட்டினா மத்தவங்களையும் அது கட்டும். நடுவுல நிக்கிறவருக்குக் கூலி உண்டு, அதையும் கணக்குல வை. திவாலே ஆனாலும் ஆயுள் தண்டனை கிடையாது. சொத்தெல்லாம் திவால் அதிகாரி கைக்குப் போகும், அனுமதி இல்லாம வெளிநாடு போக முடியாது. கேக்குற கணக்கை ஒழுங்காக் கொடுத்து, விதிச்ச தொகையைக் கட்டிட்டு வந்தா மூணு வருஷத்துல வெளியே வர வழி இருக்கு. ஆமா, நீ எந்த வெளிநாடு போகப் போறே? போன வருஷம் ஹட்ஞாய் போய்ப் படம் எடுத்துப் போட்டியே, அதுவும் கார்டுலதானே?

அது சரி, வீட்டுக்கு வந்த பேங்குக் கடுதாசியெல்லாம் எங்க? சாமி மேடைக்குக் கீழ, பிரிக்காமலா? விபூதி பூசி வெச்சா வட்டி நின்னுடுமா? பூனை கண்ணை மூடிக்கிட்ட கதையா இருக்கே. நல்லவேளை, இந்த மாமனை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லாம விட்டியே, அந்த மட்டும் புண்ணியம்.

திங்கக்கிழமை லீவு போடு. கோட்டுக்காரன் கொடுத்த புத்தகத்தை வீட்டுலயே விட்டுட்டு அந்தக் கடுதாசி, சம்பளச் சீட்டு, ஐசி எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டா. பஸ்ஸுலயே ஈப்போ போகலாம், நானும் வர்றேன். உறையைக் கிழிக்க என் பழைய உளி இருக்கு, இன்னும் கூருதான். மெல்லிசா ஓட்டிப் பிரிச்சுத் தர்றேன். இப்போ கோப்பி சொல்லவா?