கம்பியில்லாக் கண்றாவி

ஐந்து வருடங்களுக்கு முன் வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கடைக்காரர் சொன்ன அருமை பெருமைகளில் எனக்குப் புரிந்தது வைஃபை என்ற ஒரே வார்த்தைதான். அதற்காகவே நாலாயிரம் ரூபாய் கூடுதலாக அழுதேன். "வயரே வேண்டாம் சார், படம் தானா போனுக்குப் போயிடும்" என்றார். எங்கள் வீட்டில் தானாகப் போவது கரண்ட் ஒன்றுதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

இந்த நவராத்திரிக்குக் கும்பகோணத்து மாமியாரால் வர முடியவில்லை. "கொலுவை நாலு படம் எடுத்து அனுப்புங்கோ மாப்பிள்ளை" என்றார். "போன்லயே எடுத்து அனுப்பிடறேனே" என்றாள் மனைவி. 24 மெகாபிக்சலைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு போனில் எடுப்பதா? பத்தே நிமிடத்தில் 63 படம் எடுத்தேன். சனி அதற்கப்புறம்தான் பிடித்தது.

கேமராவை வீட்டு ரூட்டரோடு சேர்க்கப் பார்த்தேன். பட்டியலில் தெருவிலுள்ள ரூட்டர்கள் எல்லாம் வந்தன, என்னுடையதைத் தவிர. பையன் எட்டிப் பார்த்தான். "நம்ம ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடறதுப்பா. உன் கேமராவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்." மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்து பாஸ்வேர்டு. கேமராவில் அதை அம்புக்குறிப் பட்டனை அழுத்தி அழுத்தித்தான் அடிக்க வேண்டும். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போவது பழனி பாதயாத்திரை. மொத்தம் பதினாறு எழுத்து. பதினாலாவது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போய் வருவதற்குள் கேமரா தூங்கிவிட்டது. பாட்டரியை மிச்சம் பிடிக்கிறதாம். மறுபடி அடித்து முடித்ததும், கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டது. கொரோனா காலத்திலேயே காலமாகிவிட்டது என்று அதற்கு எப்படிச் சொல்வது?

இரண்டாவது வழி, கேமராவே ஒரு வைஃபையைக் கிளப்பும், போன் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது. உடனே, 'இதில் இன்டர்நெட் இல்லை, தொடரலாமா?' என்று போன் கேட்க, நான் பதறிப்போய் 'வேண்டாம்' என்று அழுத்தினேன். நாலு தடவை.

"வைஃபை வேற, நெட் வேறப்பா" என்றான் பையன். "இது கயிறில்லாத கயிறு, அவ்வளவுதான். கேமராகிட்ட ஏது நெட்?"

இரண்டும் ஒன்றுதான் என்று ஆபீசில் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். கோடாக்கும் நிகானும் 2005-லேயே வைஃபை கேமரா கொண்டுவந்துவிட்டனவாம். அந்த வருடம் நான் ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். இப்போது பார்த்தால் அந்த ஸ்டூடியோக்காரர் ராக்கெட்.

ஐந்தாவது தடவை 'தொடரவும்' என்று அழுத்தியதும் படங்கள் நகர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் பத்து எம்.பி. பதினோராவது படத்தில் நின்றது. சமையலறையில் மைக்ரோவேவ் உறுமிக்கொண்டிருந்தது. அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜாதிதான்.

"சுண்டலை அப்புறம் சுட வைக்கக் கூடாதா? படம் போயிண்டிருக்கு!"

"வந்தவாளுக்கு உங்க படத்தையா மடிச்சுக் குடுக்கறது?"

பதில் இல்லாததால் கொலுப்படி ஓரமாக ஒதுங்கி, சிக்னலுக்காகக் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கை கடுத்ததுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். 63 படமும் வந்து சேர்ந்தன. ஆனால் ஒவ்வொன்றும் 2 மெகாபிக்சல்தான். செயலி தானே சுருக்கித்தான் அனுப்புமாம், நாம்தான் செட்டிங்கை மாற்ற வேண்டுமாம்.

அப்போது மாமியாரிடமிருந்து போன். "கொலு ஜோரா இருக்கு மாப்பிள்ளை!"

நான் இன்னும் ஒன்றுமே அனுப்பவில்லையே! மனைவி தன் போனை நீட்டினாள். ஒரே படம், ஆறு மணிக்கே அனுப்பியது. ஒன்பது படியும் பளிச்சென்று தெரிந்தது. வலது ஓரத்தில், தசாவதார செட்டுக்குப் பக்கத்தில், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நான்.