க்யூ.சி. சாரின் பின்கொசுவம்

ஆம்பூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு க்யூ.சி. சார் இருப்பார். ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி கன்ட்ரோல் பார்த்து ரிட்டயர் ஆனவர். கம்பெனி அவரை விட்டுவிடும், க்யூ.சி. வேலை அவரை விடாது. கல்யாண ரிசப்ஷனில் மொய்க் கவரோடு வரிசையில் நிற்கும்போது எல்லோரும் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பார்கள். இவர் காலைப் பார்ப்பார். "இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே தோல்ல வெட்டல. ஷேடு மாறுது பாருங்க" என்று நம் காதில் சொல்வார். அப்புறம் நமக்கும் அந்த ஷேடுதான் தெரியும், மாப்பிள்ளை தெரியமாட்டார்.

எங்கள் தெரு சாரின் சட்டைப்பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் ஒன்று எப்போதும் இருக்கும். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். அதில் கோணல் தையலோ, பசைக்கறையோ, மாடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த தழும்போ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டி ரீவொர்க்குக்குத் தள்ளிவிடுவார்கள். ரிட்டயர்மென்ட் அன்று மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம் எல்லாம் கம்பெனி கொடுத்தது. ஸ்டிக்கரை அவராக எடுத்துக்கொண்டார். முதல் அம்பு அந்தக் கடிகாரத்தின் மேல்தான் விழுந்தது. பிறகு எங்கள் வீட்டு கேட், பேரனின் வீட்டுப்பாடம், டீக்கடைப் பலகை. ஒருமுறை மெதுவடையில் ஒட்டினார். ஓட்டை நடுவில் இல்லையாம்.

இப்படிப்பட்டவருக்கு கிளாஸ்கோவில் இருக்கும் அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பினான். நண்பன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கில்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அதாவது ஸ்காட்லாந்துக்காரர்கள் முழங்கால்வரை கட்டுகிற கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை. சார் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "பக்கிள் வார் ஓரத்துல கலர் சரியாப் பிடிக்கல" என்றார். அன்றிரவு முழுக்க யூடியூப். விடிந்ததும், "நானே தைக்கப்போறேன். பொழுது போவணுமில்ல?" என்றார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம் தையலைப் பார்த்தவர் ஒருநாளும் மெஷினில் உட்கார்ந்ததில்லை. ஸ்டிட்ச்சிங் லைனில் உட்காருகிறவர்கள் மாதனூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். அவர்கள் தைப்பார்கள், இவர் அம்பு ஒட்டுவார்.

கில்ட் சாதாரணக் காரியமில்லை. பெரிய ஆள் ஒருவருக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி போகும். முன்பக்கம் இரண்டு பட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக, மடிப்பே இல்லாமல் தட்டையாக விழும். மடிப்பெல்லாம் பின்னால்தான், இருபத்தைந்து முப்பது வரை. ஒவ்வொரு மடிப்பும் இடுப்பருகே குறுகி, கீழே வரவர அகன்று நிற்க வேண்டும். அத்தனை மடித்த பிறகும் துணியின் கட்டம் கலையக் கூடாது. எங்கே மடித்தார்கள் என்றே கண்ணுக்குத் தெரியாதபடி கோடு கோட்டோடு சேர வேண்டும். கைதேர்ந்தவர்கள் மெஷினைத் தொடாமல் கையாலேயே தைப்பார்கள். கடைசியில் இடுப்பில் பக்கிள் வைத்த தோல் வார்கள், வழக்கமாக மூன்று. கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதால் முன்னால் ஒரு தோல் பை தொங்கும், ஸ்போரன் என்று பெயர். நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்குத் தூரத்துச் சொந்தம்.

சார் வாரிலிருந்து ஆரம்பித்தார். கடிவாளத்தை வாங்கிவிட்டுக் குதிரை தேடுகிற கதை. ஆனால் அந்த மூன்று வார்களைப் பற்றி நான் கேலி பேசமாட்டேன். தழும்பில்லாத தோலாகப் பார்த்தெடுத்து, ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, மடித்து ஒட்டி, விளிம்புக்குக் கலர் கொடுத்து, மூன்று நாள் செலவழித்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது.

துணிக்குக் குடியாத்தம் போனார். 1954 இடைத்தேர்தலில் காமராஜர் ஜெயித்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது கைலி ஊர். தோதான கட்டத்தில் நாலு கைலி எடுத்தார்.

"மூட்டித் தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"மூட்டக் கூடாது."

"கட்டறதுக்கா, விரிக்கறதுக்கா?"

சார் பதில் சொல்லவில்லை. பருத்தி காற்றில் பறக்கும், கம்பளியின் கனம் வராது என்பதால் நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைப்பது என்று முடிவு செய்தார். நல்ல யோசனைதான்.

டீக்கடையில் கிண்டல் கிளம்பியதும் சரித்திரத்தை எடுத்தார். "வெள்ளைக்காரன் 1746-ல சட்டம் போட்டு ஸ்காட்லாந்துல கில்ட் கட்டக் கூடாதுன்னான். கட்டினா ஆறு மாசம் ஜெயிலு. 1782-லதான் எடுத்தான். நம்ம வேலூர்ல சிப்பாய்ங்கள இன்னா பண்ணான்? நெத்திக் குறி கூடாது, தாடியை ஒதுக்கு, தோல் குஞ்சம் வெச்ச புதுத் தலைப்பாகையப் போடுன்னான். 1806 ஜூலை 10, கோட்டையில வெடிச்சுதா இல்லியா?" அங்கே போடாதே என்றான், இங்கே போடு என்றான். இந்த இடத்தில் மட்டும் டீக்கடை அமைதியாகிவிட்டது. சிப்பாய்கள் சீறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தோல் ஊரில் அந்தத் தோல் குஞ்சத்துக்குத்தான் மவுசு.

மனைவியின் பழைய தையல் மெஷினை முன்னறைக்கு இழுத்தார். நாலு கைலியையும் முனையோடு முனை சேர்த்து, சாக்பீஸால் கோடு கிழித்து, குண்டூசி குத்தி, மடிப்பு மடிப்பாக வாரம் முழுக்கத் தைத்தார். எட்டாம் நாள் பேன்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். அவர் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாங்க, எங்க ஆயா நடவுக்குப் போறப்போ கட்டின பின்கொசுவம் மாதிரி கீதே!"

ஸ்காட்லாந்தின் வீர உடை அந்த நிமிடமே வயலில் இறங்கிவிட்டது.

கேள்விப்பட்டு அடுத்த தெரு அம்மா ஒருவர் வந்தார். சாரின் லைனில் பதினெட்டு வருஷம் தைத்தவர். மடிப்பு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தையல் போன வழியெல்லாம் சல்லடைபோல் பொத்தல். மெஷினருகே போய் ஊசியைக் கழற்றி நுனியை நகத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"சார், இது தோல் ஊசி."

துணி ஊசி இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். தோலில் விலகிக்கொடுக்க இழை கிடையாது. அதனால் தோல் ஊசியின் நுனி குட்டி உளி மாதிரி வெட்டிக்கொண்டுதான் இறங்கும். ஊசி மாறினால் லைனையே நிறுத்திய மனிதர் தன் மெஷினின் ஊசியைப் பார்க்கவில்லை. கைலிகள் சேர்ந்த மூன்று இடத்திலும் கட்டம் கட்டத்தோடு சேராமல் முறைத்துக்கொண்டு நின்றது தனிக்கதை.

"சார், அந்த ஸ்டிக்கர் இருக்குதா?"

சார் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அவசரப்படவில்லை. ஒரு மடிப்பையும் விடாமல் பார்த்து ஒட்டினார். பத்தொன்பதாவது மடிப்பில் தாள் தீர்ந்தது. வாரில் மட்டும் ஒன்றுகூட ஒட்டவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "இது பாஸ் சார்" என்றார். பதினெட்டு வருஷத்தில் சார் வாயிலிருந்து அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருப்போம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். வெளியே சொல்லவில்லை.

தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. துணித் தையலையாவது பிரிக்கலாம். சாரின் மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தார். பொத்தல் குறைவாக இருந்த மூன்று கைலிகளை மூட்டி வைத்தார். அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் சார் இப்போது காலையில் பால் வாங்கப் போகிறார், வார் ஒன்றை இடுப்பில் பெல்ட்டாகப் போட்டுக்கொண்டு. நாலாவது கைலி என் ஸ்கூட்டர் துடைக்க வந்திருக்கிறது. அதில் இன்னும் இரண்டு அம்பு ஒட்டியிருக்கிறது.